பிரிக்காத கடிதம்

தொண்ணூறுகளில் நான் மதுராந்தகம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தபோது, செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது தாண்டிய, நல்ல உயரமான மனிதர். பேசும்போதெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் அதிலிருந்து பழுப்பேறிய, பிரிக்காத ஒரு கடித உறையை எடுத்தார்.

“எங்க நைனா வெள்ளக்காரன் பட்டாளத்துல கோவேறு கழுத ஓட்டிகினு வடக்க மலைக்குப் போனாரு சார். அப்ப நான் கைக்கொழந்த. அப்பால இதான் வந்துது. ‘படிக்காத வரைக்கும் அவரு உசுரோட கீறாரு’ன்னு அம்மா பிரிக்கவே வுடல. போன மாசம் பொட்டோட போய்ச் சேந்துச்சு. இன்னா எழுதிகீதுன்னு படி சார்.”

உறையைப் பிரித்தேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எல்லைப்புற மலையில் பனி சறுக்கி, கழுதையோடு பெரியவரின் அப்பா பள்ளத்தில் விழுந்திருக்கிறார். இரண்டு நாள் அவர் கூப்பிடும் குரல் கேட்டதாம். எதிரிகள் சுட்டுக்கொண்டிருந்ததால் யாரையும் கீழே இறக்க முடியவில்லை என்று வருந்தி எழுதியிருந்தார் ஒரு வெள்ளைக்கார அதிகாரி.

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா சார்?”

“இல்லீங்க. விழுந்ததுமே உயிர் போயிடுச்சுன்னு போட்டிருக்கு.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். “இது தெரிஞ்சிருந்தா அம்மா கொஞ்சம் தூங்கியிருக்கும் சார்.”

கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதை அவர் வேறு யாரிடமும் நீட்டியிருக்கக் கூடாதே என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.