நெற்றிச் சுழிக்குப் போட்ட கிரீம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் எங்காவது கையெழுத்துப் போடத்தான். பாதி விஷயம் மறந்தும் போச்சு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் தலைக்குக் கடையில் என்னென்ன வாங்கிப் போட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் போட்டது எனக்குத் தெரியாது. நான் போட்டதைச் சொல்கிறேன்.

எனக்குச் சுருட்டை முடி. அப்பா வழியில் எல்லோருக்கும் அப்படித்தான். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினால், வெயில் ஏறுவதற்குள் அது எல்லாவற்றையும் குடித்துவிட்டுத் தேங்காய் நார் மாதிரி நிற்கும். சீப்பில் பல் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. சுருட்டை முடிக்காரி என்று யாரும் பெண்ணை ஒதுக்கிவிட மாட்டார்கள். எனக்கு நெற்றிக்கு நேர் மேலே, வகிடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சுழி இருந்தது. அந்த இடத்து முடி வட்டமாக முளைத்துச் சேவல் கொண்டை மாதிரி எழுந்து நிற்கும். நெற்றிச் சுழி இருக்கிற பெண் புருஷனுக்கு ஆக மாட்டாள் என்று எங்கள் பக்கம் நம்பினார்கள்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், போனவர்கள்தான். இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு பெரியவர் என் தலையைப் பார்த்துவிட்டு, எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே சொன்னார்: "மாடு புடிக்கப் போனாலே சுழி பாத்துத்தான் புடிக்கிறோம். மருமகளுக்குப் பாக்க மாட்டமா?" நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குக் கேட்டது. ஆத்தாவுக்கும் கேட்டது.

மூன்றாவது இடம் அன்னவாசல் பக்கம். மாப்பிள்ளைக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. தகப்பனார் இல்லை, தாயும் மகனும்தான். அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஆத்தா என்னைக் கறம்பக்குடிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடி, பவுடர், ரிப்பன், சவுரி எல்லாம் விற்கிற ஒரு பாய் கடை இருந்தது. நான் ஆத்தா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எனக்குக் கடையில் வாய் திறக்கவே கூச்சம்.

"முடி படியிறதுக்கு ஏதாச்சும் இருக்கா பாய்?"

பாய் பச்சை நிறத்தில் ஒரு வாசனைத் தைலம் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் மணந்தது. ஆனால் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போய், நான் அழுத மாதிரி இருந்தது. மத்தியானம் சுழி எழுந்துவிட்டது. அடுத்த சந்தைக்குப் போய் முகத்துக்குப் போடுகிற ஸ்நோ வாங்கினோம். ஈரத்தோடு இருக்கும்போது படிந்தது, காய்ந்ததும் தலையெல்லாம் மாவு உதிர்ந்தது. அதற்கடுத்த தடவைதான் பாய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கண்ணாடி டப்பி ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"ஹேர் கிரீம்மா. ஆம்பளைங்க கிராப்புக்குப் போடுறது. பொம்பளைகளுக்கு நான் குடுத்ததில்ல."

"போடுறது ஆம்பளையா பொம்பளையான்னு முடிக்கு என்ன பாய் தெரியும்? குடுங்க," என்றாள் ஆத்தா.

ஈரத் தலையில் விரல் நுனியால் எடுத்துத் தேய்த்து, சீப்பால் அழுத்தி வாரி, காய்கிறவரை ஒரு துணிக் கிழியால் நெற்றியோடு சேர்த்துக் கட்டி வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தால் சுழி இருந்த இடம் தெரியவில்லை. மிச்சம் இருந்ததை முடி முழுக்கத் தடவிவிட்டாள். நார் மாதிரி இருந்த முடி சுருள் சுருளாகப் பிரிந்து பளபளவென்று விழுந்தது. சிக்கு எடுக்காமல் என் விரல் என் முடிக்குள் போய் வந்தது அன்றைக்குத்தான். நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஆத்தா சிரித்தாள், பிறகு "சாமி, இது பொழுது சாயிற மட்டும் நிக்கணும்" என்று தெற்கே கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். ரொம்பச் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்ததும் என் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். "சவுரி வச்சிருக்கான்னு பாக்குறேன், தப்பா நெனைக்காதீங்க மதினி," என்று பின்னலை அவிழ்த்தார்கள்.

"பாருங்க மதினி, பாக்கத்தான வந்திருக்கீங்க," என்றாள் ஆத்தா.

அந்த விரல்கள் பிடரியிலிருந்து மேலே ஏறி, உச்சிக்கு வந்து, முன்னால் நெற்றிக்கு வந்தன. அங்கே கொஞ்சம் நின்றன.

"என்னத்தா, தலை இம்புட்டு மணக்குது?"

"டவுனுத் தைலம்," என்று ஆத்தா முந்திக்கொண்டு சொன்னாள்.

"நல்ல அடத்தியான முடி," என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். "பூவை நீங்களே வச்சு விடுங்க மதினி. நான் வைக்கக் கூடாது."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

டப்பியை ஒரு பழைய ரவிக்கையில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போனேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமியார் கண்ணில் படாமல் தலை குளிப்பது சின்ன விஷயம் இல்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு ஈரத் துண்டை நெற்றிவரை இறக்கிக் கட்டிக்கொண்டு அறைக்குள் ஓடுவேன். முதல் வெள்ளிக்கிழமையே என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். சட்டை மாட்ட உள்ளே வந்தவர், நான் கையில் கிரீமோடு நிற்பதையும் நெற்றி மேல் கொண்டை எழுந்து நிற்பதையும் பார்த்தார். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அழ ஆரம்பித்துவிட்டேன்.

"இதுக்கா அழுகுற? இந்தா, எந் தலையப் பாரு," என்று குனிந்து உச்சியைக் காட்டினார். "ரெட்டைச் சுழி. ரெண்டு பொண்டாட்டின்னு அர்த்தமாம். நீ முந்திக்கிட்ட."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"ரெண்டாவது எப்ப வரும்?" என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் பயமில்லாமல் பேசிய முதல் பேச்சு.

"நீ இருக்கயில எங்கிட்டு வாரது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆத்தாகிட்ட மட்டும் காட்டாத. அது அப்பா போனதுலருந்து எல்லாத்துக்கும் பயப்படும். தெரிஞ்சா ராத்திரி தூங்காது," என்றார்.

அன்றையிலிருந்து டப்பி பெட்டிக்கு அடியில் இல்லை, மாடத்தில் அவர் சீப்புப் பக்கத்தில் இருந்தது. அவர் கிராப்புக்குப் போடுவது என்று பெயர். புதுக்கோட்டையில் வண்டி நிற்கிற நேரத்தில் அவரே வாங்கி வருவார். நான் போட்டது பாதி, அவர் போட்டது பாதி. அத்தைக்கு அது பொறுக்காது.

"ஏண்டா, போன வாரந்தான வாங்குன? தலைக்குப் போடுறியா, சோத்துல பெசஞ்சு திங்கிறியா?"

"பஸ்ஸுல காத்து அடிக்குதுல்லத்தா. முடி பறக்குது."

"முடி பறக்குறவன் கண்டக்டராப் போவானேன்? வீட்டோட இருக்க வேண்டியதுதான."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அவர் என்னைப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம்.

புதிதாக எது வந்தாலும் அவர் வாங்கி வந்து என் தலையில்தான் சோதனை பண்ணுவார். மெழுகு மாதிரி கெட்டியாக ஒன்று கொண்டு வந்தார். சுழி இரும்பு மாதிரி படிந்தது, ஆனால் சீயக்காய்க்கும் போகவில்லை, அரப்புக்கும் போகவில்லை. கிளிசரினைப் பன்னீரில் கலந்து போட்டால் முடி மெதுவாகும் என்று பஸ்ஸில் வந்த யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தார். மெதுவானது உண்மை. ஆனால் செம்மண் ரோட்டுப் புழுதி அத்தனையும் என் தலையில் வந்து ஒட்டியது. கடைசியில் பழைய வெள்ளைக் கிரீமுக்கே திரும்பினோம்.

அத்தை தன் அண்ணன் வீட்டுக்குப் போகிற நாட்களில் சுழியை அழுத்தாமல் விட்டுவிடுவேன். கொஞ்சம் கிரீமை எடுத்து நுனி முடிக்கு மட்டும் அவரே தடவிவிடுவார். முன்னால் எழுந்து நிற்பதை ஒரு விரலால் தட்டுவார், அது மறுபடி எழுந்திருக்கும். மறுபடி தட்டுவார். "ஒன்னய மாதிரியே இருக்கு. வெளியில பயம், உள்ள புடிவாதம்," என்பார். அப்படி ஒரு சில நாட்கள்தான் இருந்தன. எனக்கு அவ்வளவும் நினைவில் இருக்கிறது. மற்றதெல்லாம்தான் மறந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனிமேல் பிறக்கும் என்று இருந்தோம். அதற்குள் அவருக்குக் கண் மஞ்சளானது. முதலில் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மோர்ச்சோறாகவே போட்டோம், டவுன் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனோம். வற்றிக்கொண்டே போனார். என் தலையைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அத்தை கஞ்சி எடுத்து வருகிற சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆத்தா வருது. தலைக்குப் போட்டியா?" என்றார்.

அவர் என்னிடம் பேசிய பேச்சில் தெளிவாகக் கேட்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, எங்கள் வழக்கப்படி பெண்களெல்லாம் என்னை முற்றத்தில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் நின்றதும் நெற்றியில் காற்றுப் பட்டது. முன்முடி பிரிந்து எழுந்திருப்பது எனக்கே தெரிந்தது. சுற்றி அத்தனை பெண்கள். நான் கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை.

அப்போது யாரோ ஒரு துண்டை என் தலை மேல் போட்டார்கள். அத்தைதான். மகனைக் கொடுத்துவிட்டு அழுது தொண்டை அடைத்துப் போய் இருந்தவர்கள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "தள்ளுங்கடி, புள்ளைக்கிச் சளி புடிச்சுக்கும்," என்று துவட்டுகிற மாதிரி நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே என்னை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே போன பிறகும் கையை எடுக்கவில்லை.

"அத்தை," என்றேன்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங் கைக்குத் தட்டுப்பட்டுச்சு," என்றார்கள். "களிம்பு பூசுனா சுழி போயிருமா?"

நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

"திரும்பிப் பாத்தேன். ஒன்னயவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அப்பன் செத்ததுலருந்து எதையும் ஆசையாக் கேக்காத புள்ள. வாய மூடிக்கிட்டேன்."

துண்டு என் தலையிலேயே இருந்தது. அவர்கள் கை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கியது.

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா எம் புள்ள இருந்திருப்பான். நாந்தான் கொன்னுபுட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசி விரட்டியிருந்தால் எங்கள் ஊருக்கு நடந்தே போயிருப்பேன். அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லை அத்தை, அப்படி இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாமல் எப்படிச் சொல்வது? சுவரைப் பார்த்து அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். வெளியே பெண்கள் குடங்களைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

கருமாதி முடிந்து ஆத்தா என்னை அழைத்துப் போக வந்தாள். "போகணும்னா போகட்டும் மதினி. நான் தடுக்கல, போன்னும் சொல்லல," என்றார்கள் அத்தை. நான் போனேன். பிறகு எப்போதாவது பார்க்கப் போவேன். சோறு போடுவார்கள், மீன் குழம்பு வைத்திருந்தால் நடுத்துண்டை எனக்கு வைப்பார்கள். என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது கண் என் கண்ணோடு நின்றுவிடும், அதற்கு மேலே போகாது. அவர்கள் உயிரோடு இருந்தவரை நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

நான் அதற்குப் பிறகு தலைக்குக் கடைச் சாமான் எதுவும் வாங்கவில்லை. சுழி அதன் இஷ்டத்துக்கு நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இனி அது கெடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

எழுதியதில் தப்பு இருக்கும். கறம்பக்குடியில் அப்போது சந்தை எந்தக் கிழமை என்று மறந்துவிட்டது, விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கிரீமின் பெயர் அவர்தான் படித்துச் சொல்வார், எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மாவட்டம் பிரிவதற்கு முந்தி என்பதால் திருச்சி ஜில்லா என்று போட வேண்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. மஞ்சள்காமாலை எதனால் வருகிறது என்று யாராவது டாக்டரிடம் கேட்டுச் சரியாக எழுதுங்கள். தண்ணீரால் வரும் என்கிறார்கள், கண்ட இடத்தில் சாப்பிட்டால் வரும் என்கிறார்கள். தலையில் இருக்கிற சுழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.