வலப்பக்கத்து மாமா

எனக்குக் காது குத்திய அன்று, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் மானம் போனது மாமாவுக்குத்தான். அம்மாவின் தம்பி அவர்; வாய் ஓயாதவர். "எம் மடியில குடுங்க, புள்ள அழுதுச்சுன்னா என்னைய கேளுங்க" என்று ஊரெல்லாம் சவால் விட்டிருந்தார். பெண்பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். ஆசாரி அதைக் குத்தும்போது மாமா என் வலது காதில் கோமாளிக் கதை ஒன்றைக் கிசுகிசுத்தாராம். நான் போட்ட கூச்சலில் தப்பு மேளம் அடித்தவர்களே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது வலது காது. மாமா இடது காதுக்கு மாறி அதே கதையைச் சொன்னார். அழுகையோடு அழுகையாக நான் சிரித்துவிட்டேன். ஆசாரி அதைத் தன் கைராசி என்று சொல்லிக்கொண்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரமே என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். வலது காது பிறவியிலேயே கேட்காது, அதற்கு மருந்தும் இல்லை என்றார் டாக்டர்.

அடுத்த தையில் என்னை ஸ்கூலில் சேர்க்க வேண்டும். அம்மா ஒரே பிடியாக நின்றார்.

"கொழுந்து லொறி ஓடுற ரோடு. ஹோர்ன் அடிச்சா எங்கிட்டிருந்து வருதுன்னு இவளுக்குத் தெரியாது. ஸ்கூலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றார் மாமா.

ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து, தூங்காமல், தேயிலை மணக்கும் சட்டையோடு வந்து நிற்பார். போகும்போது மலை எங்களுக்கு இடப்பக்கம், லொறி வரும் ரோடு வலப்பக்கம். மாமா வலப்பக்கம் நடப்பார்; ஒரு வார்த்தை பேசமாட்டார். திரும்பும்போது ரோடு இடப்பக்கம் வந்துவிடும். மாமாவும் அந்தப் பக்கம் மாறிக்கொண்டு, எங்கள் லயத்து வீடு வந்து சேரும்வரை கதை அளந்துகொண்டே வருவார். என்னைப்போல அவருக்கும் ஸ்கூல் பிடிக்காது, அதனால்தான் காலையில் உம்மென்று வருகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"பரவாயில்ல மாமா, நாளைக்கு லீவுதான்" என்று ஒரு வெள்ளிக்கிழமை ஆறுதல்கூடச் சொன்னேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

இன்று உட்செவியை ஆராய்வதுதான் என் தொழில். ஒலி வரும் திசையை அறிய மூளைக்கு இரண்டு காதும் வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மாமாவை நினைத்துக்கொள்வேன். அந்த நன்றி எனக்குத் தீராது. தன் பேச்சு என்னை வந்து சேராது என்று தெரிந்தே, பேசாமல் இருக்கத் தெரியாத அந்த மனிதர் காலைதோறும் என் வலது காதாக நடந்து வந்தார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.