நான் புள்ளி என்று நினைத்த வட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் தேவாலயத்து அறுப்புப் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இது நடந்தது. கண்டி டவுனிலிருந்து கொஞ்சம் ஏற்றத்தில் இருக்கும் சின்னத் தேவாலயம் எங்களுடையது. அங்கே கீபோர்ட் வாசித்தவர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். நான் வீட்டில் காதால் கேட்டுக் கொஞ்சம் வாசிப்பேன் என்பது எப்படியோ பாடகர் குழுத் தலைவருக்குத் தெரிந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். அதனால் ஒத்துக்கொண்டேன்.

நான் புடவைக் கடையில் வேலை செய்பவள். சாதாரண தரம் வரைதான் படிப்பு. நாலைந்து கோர்ட் தெரியும். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதைத்தான் கோர்ட் என்பார்கள். பண்டிகையன்று சனங்கள் அரிசியும் மரக்கறியும் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து முன்னால் வைக்கும்வரை இசை நிற்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். அவ்வளவு நேரம் எதை வாசிப்பது என்று தெரியாமல், அம்பிட்டியவில் பியானோ சொல்லிக் கொடுக்கும் ஒரு சிங்களப் பிள்ளையிடம் சனிக்கிழமைகளில் போனேன். அவருக்கு என் மகளின் வயது இருக்கும். அவர் என்னை ஆன்ட்டி என்பார், நான் அவரை மிஸ் என்பேன். இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் காட்டியது ஐந்துகளின் வட்டம். சி என்ற கட்டையில் தொடங்கிக் கீழே ஐந்து எண்ண வேண்டும், எஃப் வரும். அங்கிருந்து இன்னும் ஐந்து, பி வரும். இப்படியே போனால் வெள்ளைக் கட்டைகளை விட்டு வெளியே போகாமலே ஏழையும் தொட்டுவிட்டு மறுபடி சி-க்கு வந்து சேரலாம். எவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருக்கலாம். கேட்க அழகாக இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் எல்லாம் குழம்பிவிடும். நிற்கிற கட்டையையும் சேர்த்து எண்ணுவதா, அடுத்ததிலிருந்தா என்பதிலேயே ஒரு வாரம் போனது. சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

மிஸ் ஒரு தாளில் வட்டத்தை எழுதிக் கொடுத்தார். எட்டு கோர்ட், ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணிக்கை, ஆக முப்பத்திரண்டு. அதில் பி என்ற எழுத்தின் தலைக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. தமிழ் படித்த ஒருவருக்கு அது என்னவென்று தோன்றும்? எனக்குப் புள்ளி என்று தோன்றியது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் புள்ளியைச் சின்ன வட்டமாகத்தான் போடுவோம். புள்ளி வைத்த எழுத்துக்கு அரை மாத்திரை என்று பாடமாக்கியது மறக்கவில்லை. ஆக, இந்தக் கோர்ட்டுக்குப் பாதி நேரம்தான், நான்குக்குப் பதிலாக இரண்டு. அந்தக் கோர்ட்டின் சத்தமும் புளிப்பாக இருந்ததால், சீக்கிரம் விட்டுவிடத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பிவிட்டேன். மிஸ்ஸிடம் கேட்கவில்லை. இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

ஊர்வலம் முடிந்ததும் முதல் பாட்டின் முதல் அடியைத் தனியாகப் பாட ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, டவுனில் ஒரு ஃபார்மசியில் மாத்திரை எண்ணிக் கவரில் போடும் வேலை. அவள் தனியாகப் பாடுவதைக் கேட்க அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக இறங்கி வரப்போவதாகச் சொல்லியிருந்தாள். தலைவர் கையைக் காட்டினால் அது கடைசிச் சுற்று. அவள் முப்பத்திரண்டு எண்ணிவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதல் ஒத்திகையிலேயே அவள் பிந்தினாள். நான் பாட்டுக்குள் போன பிறகு இரண்டு எண்ணிக்கை கழித்து வந்தாள். மறுபடி செய்தோம், மறுபடியும் அதே இரண்டு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் காலால் தட்டி எண்ணுவது எனக்கே தெரிந்தது. நானும் மனதுக்குள் எண்ணித்தான் வாசித்தேன். இரண்டு பேரும் சரியாக எண்ணி எப்படிப் பிழை வரும்?

"இங்க பாரும்மா, கீபோர்ட் மெஷின். மெஷின் தப்பாது, மனுசன்தான் தப்புவான்" என்றார் தலைவர். வாசிப்பது மெஷின் அல்ல, நான் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை அவள் எண்ணுவதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் முந்திவிட்டாள். குழுவில் சிலர் சிரித்தார்கள். தலைவர் அந்த அடியை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அவள் இரண்டாவது வரிசைக்குப் போய் நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்லவேளை பிழை என்னுடையது இல்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மிஸ் ஒத்திகையைக் கேட்க ஆசைப்பட்டார். வாட்ஸ்அப்பில் வந்திருந்த முதல் ஒத்திகைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் பேனாவால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் பேனா நின்றது. திரும்பவும் போடச் சொன்னார்.

"ஆன்ட்டி, பாடுற அக்கா சரி. நீங்க ஏன் இங்க ஓடுறது?"

"புள்ளி இருக்கே மிஸ்."

"புள்ளி என்ன?"

தாளில் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது அந்தக் கோர்ட் சுருங்கினது என்பதற்கான அடையாளம் என்றார். நேரம்தானே சுருங்கியது என்று கேட்டேன். "நேரம் இல்ல ஆன்ட்டி, அகலம். கட்டைக்கும் கட்டைக்கும் உள்ள தூரம்" என்று விரல்களை விரித்தும் ஒடுக்கியும் காட்டினார். அகலம் பாதி விளங்கியது. அதற்கு மேல் கேட்க என் மனம் அங்கே இல்லை. அவள் எண்ணியது சரி என்பது மட்டும் முழுதாக விளங்கிவிட்டது.

புதன்கிழமை ஒத்திகை. பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே போய் எழுந்து நின்றதும் நாலும் மறந்துவிட்டது. கடைசியில் தாளைத் தூக்கிப் பிடித்து, இந்த வட்டத்தைப் புள்ளி என்று நினைத்து அரை மாத்திரை வாசித்தேன், பிழை என்னுடையது, அந்தப் பிள்ளை ஒரு நாளும் பிந்தவில்லை என்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க ஃபார்மசியில உடைச்சுக் குடுப்போம், அதுதான் எனக்குத் தெரிஞ்ச அரை மாத்திரை" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆனால் முடிந்து வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இந்த ரெண்டு கிழமையா நான் ஒவ்வொரு கவரையும் ரெண்டு தரம் எண்ணுறேன். பத்து மாத்திரை எண்ணவும் பயமா இருந்திச்சு. லைன்ல நிக்கிறவங்க ஏசுறாங்க. எனக்கு எண்ணவே தெரியலையோன்னு நெனச்சுட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அடி அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளையும் ஆசையாகப் பழகியிருந்தாள், அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள். பண்டிகையன்று அவளுடைய பெற்றோர் ஒரு பூசணிக்காயும் கரட்டும் போஞ்சியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மகள் எப்போது தனியாகப் பாடுவாள் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் புளிப்பான கோர்ட்டை ஒவ்வொரு சுற்றிலும் நான்கு எண்ணிக்கை முழுதாகப் பிடித்தேன். அந்த நான்கு எண்ணிக்கைக்கும் அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்தச் சுருங்கிய கோர்ட் வட்டத்துக்குள் ஏன் இருக்கிறது என்று இன்றும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனால் இப்போது தெரியாததைக் கூச்சத்தோடேயே கேட்கிறேன். பக்கத்தில் நிற்பவர் பிந்திவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் என் கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.