திரையில் எழுந்த ஏழு கோடுகள்

தினமும் வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்ய வேண்டியது, கைப்பேசியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவது. நீல நிறத் தகர டப்பா. அடையாற்றில் எங்கள் வீட்டில் அதே டப்பாவில் ஊசி, நூல், பழைய பட்டன்கள் இருக்கும். ஃபின்லாந்தில், எங்கள் ஆய்வகத்தின் அளவீட்டு அறைக்கு வெளியே, அதில் ஐந்தாறு பேருடைய போன்கள் கிடக்கும். மூடியபின் யார் கூப்பிட்டாலும் மணி கேட்காது. அங்கிருப்பவர்களுக்கு அது நிம்மதி. நானோ, போய் நான்கு வருடமாகியும், மூடியை அழுத்துமுன் ஒருமுறை திரையைப் பார்த்துக்கொள்வேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நகத்தைவிடச் சிறிய அலுமினியச் சுற்று ஒன்றை, மின்தடையே இல்லாமல் போகும் அளவுக்குக் குளிர வைக்கிறோம். வெளியே ஏரி உறைந்து கிடக்கும். எங்கள் குளிர்கலத்தோடு ஒப்பிட்டால் அந்த ஏரி எரிகிற அடுப்பு. அந்தக் குளிரில் மைக்ரோவேவ் அலையை ஒவ்வொரு துகளாகச் சுற்றுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கிறோம். வீட்டில் இட்லியைச் சூடுபடுத்துகிற அதே வகை அலைதான். வைஃபையில் போவதும் அதே இனம்தான். நாங்கள் கேட்பது அதன் மிக மெல்லிய குரலை என்பதால், பக்கத்தில் ஒரு போன் விழித்திருந்தாலே எங்களுக்கு இடி விழுந்தமாதிரி. டப்பா அதற்காகத்தான்.

நவம்பரில் நான் அந்த விதியை மீறினேன். சென்னையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வயது மகள் யாழினிக்கு மழை விடுமுறை. மனைவி சுதாவுக்குப் பெருங்குடியில் அலுவலகம், அவளுக்கு விடுமுறை இல்லை. போனை டப்பாவில் போட மனம் வரவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்திக் கோட்டுப் பையில் வைத்தேன், கோட்டைக் கருவி அலமாரியின் பின்னால் மாட்டினேன். அரை மணிக்கொரு முறை போய்ப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். காலையில் ஒரு கேபிளின் திருகை விரலால் சுற்றிக்கொண்டிருந்தபோதே அப்படிப் பார்க்கப் போனேன். 'சாப்டாச்சுப்பா' என்று செய்தி இருந்தது. திரும்பி வந்தவன் ஸ்பேனரை எடுத்து அந்தத் திருகை இறுக்க மறந்தேன்.

மதியம் ஒரு மணிக்கு மேல், அடுத்த அறைத் திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த வரைபடத்தில் ஒரு கோடு செங்குத்தாக எழுந்தது. அரை நிமிடம் நின்று விழுந்தது. சற்றுக் கழித்து இன்னொன்று. எங்கள் குழுத் தலைவி காயிசா, தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றுக்குள்ளிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை. மூன்று, நான்கு என்று நான் உரக்க எண்ணினேன். ஏழாவது எழுந்தபோது மேசையைத் தட்டினேன். எட்டாவது வருமென்று இருவரும் கண்ணெடுக்காமல் காத்திருந்தோம். வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதே நேரத்தில் அடையாற்றில் நடந்ததை யாழினி பிறகு சொன்னாள். எங்கள் வீடு தரைத்தளம். கூடத்துக் கட்டிலில் தூங்கியவள் விழித்தபோது வாசலில் விட்ட செருப்பு கட்டிலருகே மிதந்திருக்கிறது. கிரில் கதவு பூட்டியிருந்தது, சாவி எதிர்ச் சுவர் ஆணியில். அம்மாவின் போன் கிடைக்கவில்லை, சுதா ஓ.எம்.ஆர் சாலையில் பேருந்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வாட்ச்மேன் கத்தியிருக்கிறார்.

"ஏரியா முழுக்க கரண்ட் கட் பண்ணிட்டாங்க பாப்பா. பயப்படாம எறங்கி வா."

ஆனால் அவள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இன்வெர்ட்டர். அதை வாங்கி, வயரிங் செய்து, ஜன்னலடியில் தரையோடு வைத்தவன் நான். 'ஒரு ஸ்டாண்டு வாங்குங்களேன்' என்று சுதா சொன்னாள். அடுத்த லீவில் என்றேன். பேட்டரிக்குள் தண்ணீர் ஏறிவிட்டதா, காலை வைத்தால் ஷாக் அடிக்குமா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்பாதான் என்று அவள் கட்டிலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இன்வெர்ட்டர் ஓடியதால் வீட்டு வைஃபையும் உயிரோடு இருந்தது; என்னை அழைப்பது அதன் வழியாகத்தான்.

மாடி வீட்டில் சமைக்கும் தேவி அக்கா அப்போதுதான் இறங்கி வந்தார். ஊரூர் குப்பத்துக்காரர். படகு, கடல், மழை எல்லாம் பார்த்தவர்.

"யோவ் வாட்ச்மேன், கரண்டு இல்லன்ற, ஃபேனு சுத்திக்கினு கீதே, கண்ணு இன்னா பொடனிலயா கீது? பாப்பா, கீய கால வைக்காத! அப்டியே நில்லு!"

மாடிக்கு ஓடி, துணி காயப்போடும் மூங்கில் கம்பை எடுத்து வந்திருக்கிறார். அது காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். ஜன்னல் கம்பி வழியாக விட்டு இன்வெர்ட்டரின் சுவிட்சை ஒரே குத்து. மின்விசிறி நின்றது. வைஃபையும் நின்றது. எட்டாவது அழைப்பு வராததற்குக் காரணம் அதுதான்.

கோடுகளின் பரபரப்பில் போனையே மறந்திருந்தேன்; கோட்டுப் பையைத் தொட்டது மூன்று மணிக்கு. போனில் ஏழு தவறிய அழைப்புகள். சுதாவிடம் பேசி, மகள் சாவியை எடுத்து வெளியே வந்து மாடியில் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் உட்கார முடியவில்லை. அழைப்புகளின் நேரத்தையும் திரையில் கோடுகள் எழுந்த நேரத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஏழும் பொருந்தின. விரலால் மட்டும் திருகிய அந்த முனை வழியாக என் போனின் அலை உள்ளே நுழைந்திருந்தது. என் மகள் கூப்பிடுவதைத்தான் நான் மேசையைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

தாளைக் காயிசாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அலை புகுந்துவிட்டதால், மூன்று வாரமாக விடாமல் ஓடிய அளவீட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் ஏழு நேரங்களையும் விரல் வைத்து ஒப்பிட்டார். பிறகு கேட்டார்: "நீ எப்போது புறப்படுகிறாய்?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். நம் ஊரில் மேலதிகாரி கத்துவார், காரணம் கேட்பார், கடைசியில்தான் இதைச் சொல்வார். அங்கே நேராகச் சொல்லிவிடுகிறார்கள் போலிருக்கிறது. "இந்த மாதக் கடைசிவரை அனுமதித்தால் கலத்தைச் சரிசெய்துவிட்டுப் போகிறேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "மாதக் கடைசியா? குழந்தை தண்ணீருக்கு நடுவில் நின்றிருக்கிறாள். கலம் சூடேறிப் பிறகு குளிர எப்படியும் பத்து நாள் ஆகும். நாளைக்கே போ." சற்று யோசித்துச் சேர்த்தார்: "திரும்பி வந்து ஸ்பேனரைப் பயன்படுத்து."

இதை அடையாற்றிலிருந்து எழுதுகிறேன். சுவரில் தண்ணீர் நின்ற கறை முழங்காலுக்குக் கீழே ஒரு கோடாக இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு இடுப்புக்கு மேலே இரும்புத் தாங்கி அடித்துவிட்டேன். எதை முதலில் அணைக்க வேண்டும் என்று மகளுக்கு மூன்று முறை விளக்கிச் சொன்னேன். நான்காவது முறை தொடங்கியபோது, "அப்பா, போதும். தேவி அக்கா ஒரே குத்துல முடிச்சாங்க, நீ லெக்சர் அடிக்கற" என்றாள். சிரித்தேன். பிறகு, கேட்கக் கூடாதென்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். ஏழு தடவை அடித்தாயே, என் மேல் கோபம் வந்ததா?

"நாலாவது தடவையே தெரியும்ப்பா, நீ எடுக்க மாட்டன்னு."

"அப்புறம் ஏம்மா அடிச்ச?"

"ரிங் போறப்ப யாரோ கூட இருக்கற மாதிரி இருந்துச்சு. அதான்."

நாளை மறுநாள் விமானம். காலையில் பெட்டியைக் கட்டும்போது பார்த்தேன்: தாங்கிக்குப் பக்கத்தில் யாழினி ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள். தேவி அக்கா, மாடி வீட்டு அங்கிள், வாட்ச்மேன், அம்மா, மின்வாரியம். ஆறாவதாக அப்பா. பேனாவை எடுத்தபடி நான் நிற்பதைப் பார்த்து ஓடி வந்தாள்.

"ஆர்டர மாத்தாதப்பா. யாரு சீக்கிரம் வருவாங்களோ அந்த ஆர்டர்ல எழுதிருக்கேன்."

அவள் கணக்குச் சரிதான். அந்தத் தாளில் வெளிநாட்டு எண் என்னுடையது ஒன்றுதான்; மற்றவற்றைவிட நீளமாக, ஓரத்தில் இடமில்லாமல் வளைந்து கீழே இறங்கியிருந்தது. கடைசி இலக்கம் சரியாக விழவில்லை. அதன் மேலேயே பேனாவை ஓட்டி, அழுத்தி எழுதினேன்.