கட்டிலுக்கு அடியில் போன காசு

அந்த ரெக்கார்டு நோட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பி.காம். முதலாண்டு, அறுபது பேர், பாடம் அறிமுகப் புள்ளியியல். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. நான் அங்கே கெஸ்ட் லெக்சரர், அதாவது ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அடுத்ததற்குக் கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருத்தி.

முதல் செய்முறை ரொம்பச் சுலபம். ஒரு காசை இருநூறு தடவை சுண்ட வேண்டும். பூவா தலையா என்று விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த நோட்டில் என் கையெழுத்தும் துறைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் பரீட்சைக்கு உள்ளே விடுவார்கள்.

யாரும் சுண்டுவதில்லை. சீனியர்களின் நோட்டு கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையிலேயே இருக்கும். அதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'கரெக்ட் வேல்யூ'. நூறு தலை, நூறு பூ என்று போட்டால் சந்தேகம் வருமாம், அதனால் நூற்றியொரு தலை, தொண்ணூற்றொன்பது பூ. பிசகாமல் வருடா வருடம் அதே எண். இது துறைத் தலைவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், வருடா வருடம் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். கிரகச்சாரம்.

அன்றைக்கு ஐம்பது நோட்டைத் திருத்தி முடிப்பதற்குள் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனையும் ஒரே பொய். அந்தக் கோபத்தோடுதான் ஐம்பத்தோராவது நோட்டைத் திறந்தேன்.

ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பெண்ணுடையது. கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள், கேட்டால் ஒழிய வாய் திறக்கமாட்டாள். நோட்டில் நூற்றுப் பதினொரு தலை, எண்பத்தொன்பது பூ. நடுவில் ஓர் இடத்தில் எட்டுத் தலை தொடர்ந்து விழுந்திருந்தது. பாதியில் நீல மை தீர்ந்து கறுப்பு மையில் எழுதியிருந்தாள். எழுபத்து நாலாவது தடவைக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'கட்டிலுக்கு அடியில் போனது, மறுபடி போட்டோம்' என்று ஒரு குறிப்பு வேறு.

ஒழுங்காகப் பொய் எழுதக்கூடத் தெரியவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'மீண்டும் செய்யவும்' என்று எழுதினேன்.

மறுநாள் வராந்தாவில் வந்து நின்றாள்.

"மேம், நான் நெஜமாவே போட்டேன். தங்கச்சிதான் எழுதுனா."

"எட்டு தலை வரிசையா விழுமா? யாருக்கிட்ட காது குத்துற?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாகப் புது நோட்டில் எழுதிக் கொண்டுவா, இல்லாவிட்டால் பரீட்சையை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். இரண்டே நாளில் கொண்டுவந்தாள். நூற்றியொரு தலை, தொண்ணூற்றொன்பது பூ. கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'குட்' என்றும் எழுதினேன். அந்தக் கையை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் 'ரன்' என்கிற தொடர்வரிசை பற்றிய பாடம். மூன்று வருடமாக நான் நடத்துகிற பாடம். உண்மையாகக் காசு சுண்டினால் ஆறு, ஏழு, எட்டு என்று ஒரே பக்கம் தொடர்ந்து விழுவது சகஜம், வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுகிறவன்தான் பயந்துகொண்டு மூன்றுக்கு மேல் போகமாட்டான், பொய்யைப் பிடிக்க அதுவே வழி என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னேன். சொல்லி முடிக்கும்போது சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து நான் சொன்னதை அப்படியே நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அறுபது நோட்டில் ஒன்றே ஒன்று நிஜம். அதை மட்டும் தேடிப் பிடித்துப் பொய் என்று அடித்திருக்கிறேன். பாடம் தெரியாத ஒருத்தி செய்திருந்தால் மன்னிக்கலாம். இதைச் சொல்லிக்கொடுத்தே சாப்பிடுகிறவள் நான்.

வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, பழைய நோட்டைக் கொண்டுவா, அதிலேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதைக் கிழித்துப் போட்டாயிற்று என்றாள். பிறகு, "பரவால்ல மேம், அதான் சைன் ஆயிடுச்சே" என்றாள். நாலு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

துறைத் தலைவரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, அவள் நோட்டில் ஒரு குறிப்பாவது எழுதிவைக்கிறேன் என்றேன். அவர் கன்னடத்தில், குரலை உயர்த்தாமல், கையெழுத்தான ரெக்கார்டைத் தொடக்கூடாது என்றார். ஒரு நோட்டு நிஜம் என்று எழுதிக் கொடுத்தால், மிச்சம் ஐம்பத்தொன்பது என்ன என்று யாராவது கேட்கமாட்டார்களா, அப்போது நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். அப்புறம் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட அந்த மௌனத்தின்மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

கடைசிச் செய்முறை, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்று, நிமிடத்துக்கு எத்தனை காலி ஆட்டோ போகிறது என்று எண்ணி எழுதுவது. இந்தத் தடவை வகுப்பில் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். எண் எப்படி வந்தாலும் கையெழுத்துப் போடுவேன், நிஜமாக நின்று எண்ணுங்கள் என்றேன். சொல்லும்போது அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நோட்டுகள் வந்ததும் முதலில் அவளுடையதைத்தான் எடுத்தேன். ஒரே மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லாமல் அழகாக இருந்தது. சராசரி நாலு, மாறுபாடும் நாலு, இரண்டும் ஒன்றாக வரவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது போலவே. அவள் எழுதியிருந்த தேதியில், அதே சாயங்கால நேரத்தில், கொட்டிய மழையில் ஈஜிபுரா சிக்னலில் முழங்கால் தண்ணீர். அதில் நானே ஒரு மணி நேரம் ஆட்டோ கிடைக்காமல் நின்றிருக்கிறேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

"நெஜமா போய் நின்னியாம்மா?"

"இல்ல மேம்," என்றாள், ஒளிக்காமல். "போய் நின்னா சரியா வராது."

நோட்டை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினாள். போட்டேன்.