சோடனைக் கார்

பரமேஸ்வரனுக்கு லண்டனில் கிழமையில் ஐந்து நாள் பஸ் ஓட்டம். மிச்சம் இரண்டு நாளும் சொந்தக்காரருக்கு ஓட்டம். ஐம்பத்தாறு வயதில் மனிதர் ஒரு கார் வாங்கியதே தனக்கென்று ஒரு தரமாவது ஓடிப் பார்க்கத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதபடியால் ஒருவருக்கும் தெரியவும் இல்லை.

சும்மா காரா அது? ஜெர்மன்காரன் செய்தது, எட்டு சிலிண்டர். ஒரு பட்டனை அமத்தினால் டிக்கி வாயைப் பிளக்கும். கூரை தானாக எழும்பி, மடிந்து, உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். புதிதாக வந்த காலத்தில் அதன் விலையைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். ஆனால் பணக்காரக் காருக்கும் வயது போகிறது. பல்லெல்லாம் ஆடத் தொடங்கிய பிறகு அது பஸ் ஓடுகிற ஒருவரின் கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கி வந்தது.

விற்றவர் எப்சம் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற பல் வைத்தியர். இடுப்புப் பக்கம் நாரி நோகிறது, குனிந்து ஏற முடியவில்லை என்று சொன்னார். பார்க்கப் போனபோது பரமேஸ்வரன் கூடவே கராஜ் வைத்திருக்கும் றூபனையும் கூட்டிக்கொண்டு போனார். றூபன் காருக்கு அடியில் படுத்து எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணை, யானை மலிவா வருதெண்டு வாங்கலாம். தீனி மலிவா வராது."

அவன் சொன்னது முதல் மாரியிலேயே பலித்தது. இரண்டு கிழமை ஓடாமல் நின்றால் பற்றரி செத்துவிடும். ஒருநாள் காலை எழும்பிப் பார்த்தால் கார் இடது பக்கமாகக் குந்திக்கொண்டு நின்றது. காற்றில் நிற்கிற சஸ்பென்ஷனாம், காற்றுப் போய்விட்டதாம். டயர் தேய்ந்தபோது கடைக்காரன் அளவைப் பார்த்துவிட்டு விசிலடித்தான். அவர்களுடைய நோர்பரித் தெருக்களிலோ இருபது மைலுக்கு மேல் ஓடக்கூடாது, பத்து வீட்டுக்கு ஒரு மேடு. அந்த எட்டு சிலிண்டரும் மேட்டுக்கு மேடு மூச்சுவிட்டுக்கொண்டு பால் வான் மாதிரி ஊர்ந்தன.

"எனக்குச் சுகமில்லையெண்டால் ரெண்டு பனடோலைப் போட்டிட்டுப் படுக்கச் சொல்லுவியள்," என்றாள் மனைவி செல்வமலர். "உது ஒருக்காத் தும்மினால் றூபனிட்டை ஓடுறியள்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் பரமேஸ்வரனுக்கு அந்தக் காரைக் கழுவுகிற நேரத்தில் மட்டும் மனம் லேசாகும். கோடையில் ஒரு சனிக்கிழமை கூரையைத் திறந்துகொண்டு, அவளையும் பக்கத்தில் இருத்தி, கடற்கரைப் பக்கம் போவதென்று நினைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை வரவே இல்லை.

வராததற்குக் காரணம் ஒரு கலியாணம். செல்வமலரின் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்கு. பொம்பிளையைக் கூரை திறந்த காரில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் வடிவாக இருக்கும் என்று யாரோ சொல்ல, பரமேஸ்வரன் "ஓம்" என்றார். அன்று எடுத்த வீடியோவைப் பார்க்காத தமிழர் லண்டனில் இல்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கலியாணம், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம் எல்லாவற்றுக்கும் தொலைபேசி அடித்தது. "அண்ணை, ஒரு அரைமணித்தியாலம்தான்" என்பார்கள். அந்த அரைமணித்தியாலம் விடியத் தொடங்கிப் பொழுதுபட்டுத்தான் முடியும்.

அவருக்குக் கோபம் வந்ததா என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் வரவில்லை. முப்பது வருஷமாக அவர் வெறும் "பஸ் ஓடுற பரமேஸ்". அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது அவரைக் கேட்டுத்தான் நாள் குறிக்கிறார்கள். மனிதருக்கு அது இனித்தது. இனிப்பு எப்போது திகட்டியது என்று அவருக்கே தெரியாது. மண்டப வாசலில் கார் வந்து நின்றதும் தட்டுகளோடு பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும் கலந்த அறுகரிசி, ரோசாப்பூ இதழ் எல்லாம் கை கையாக வந்து விழும். பொம்பிளை இறங்கி உள்ளே போவாள். எல்லோரும் பின்னாலே போவார்கள். அவர் மட்டும் காரோடு நிற்பார். நிறுத்த இடம் தேடி, தோல் சீட்டில் கிடந்த அரிசியைப் பொறுக்கி, சின்னப் பிள்ளைகள் கீறாமல் பார்த்து, ஒருவழியாக உள்ளே போனால் தாலி கட்டி முடிந்திருக்கும், முதல் பந்தியும் எழும்பியிருக்கும். ஆல்பங்களில் அவருடைய பிடரி மட்டும் பதிந்திருக்கும்.

இந்த நிலையில்தான் தங்கச்சி பிரமிளாவின் மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையானாள். பரமேஸ்வரனுக்கு இரண்டும் பெடியன்கள், தம்பி குகதாசனுக்குப் பிள்ளைகள் இல்லை. குடும்பத்தில் ஒரே பெண்பிள்ளை இவள்தான். மூத்த தாய்மாமன் அவர். சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைத்து, தலையில் பாலறுகு வைத்து, முதல் தண்ணீர் வார்ப்பது அவருடைய உரிமை. அதைக் கேட்டு வாங்குகிற வழக்கம் எங்கும் இல்லை. நாள் தெரிந்ததுமே அவர் பஸ் கராஜில் அந்தச் சனிக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டார்.

சட்டனிலிருந்து பிரமிளா வந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே திட்டத்தைச் சொன்னாள்.

"பெரியண்ணை, உங்கடை கார் இருக்குதெண்டு நான் வேற கார் பாக்கேல்லை."

"ஓம் ஓம், அதுக்கென்ன."

"சோடனைக்காரர் வெஸ்ட் ஈலிங்கிலை. காலமை ஏழு மணிக்குக் கார் அங்கை நிக்கவேணுமாம். பச்சைப் பூ, முதல்நாள் கட்டினால் வாடிப்போகுமாம்."

"தண்ணி வாக்கிறது எத்தனை மணிக்கு?"

"அதுவும் ஏழரைக்குத்தான். ஐயர் தந்த நேரம், மாத்தேலாது. அதாலை சின்னண்ணை வாக்கட்டுமெண்டு யோசிச்சனான். உங்களுக்கும் அலைச்சல் இல்லை."

நோர்பரியிலிருந்து ஈலிங்குக்கும் ஈலிங்கிலிருந்து சட்டனுக்கும் லண்டனைச் சுற்றி ஓடுவதுதான் அலைச்சல் இல்லாத வேலையாம்! பரமேஸ்வரனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. ஆனால் வாய் பழகின வாய். "ஓம்" என்று சொல்லிவிட்டது.

அவள் போன பிறகு செல்வமலர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள்தானே மூத்தவர். வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

"அவளுக்குத் தெரியவேணும்."

"தெரியாது. உங்களைக் கண்டால் எல்லாருக்கும் ஸ்டியரிங்தான் தெரியுது."

அவர் துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார்.

சடங்குக்கு முந்தின கிழமை விடாமல் மழை. ஒரு பின்னேரம் வெயில் எறித்ததும், கூரையைத் திறந்து துடைத்து வைப்போம் என்று பட்டனை அமத்தினார். பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். கூரை அசையவில்லை. காருக்குள் புளித்த கஞ்சி மணம். மனம் பதறக் குரொய்டனில் இருக்கும் றூபனின் கராஜுக்குக் கொண்டு ஓடினார்.

றூபன் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினான். கீழே குளம். கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் இரண்டு பக்கத்துச் சின்னக் குழாய்களால் நிலத்துக்கு இறங்க வேண்டும். அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டால் தண்ணீர் இங்கே வந்துதான் தேங்கும். றூபன் ஒரு கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தான். மஞ்சளாக, பசையாக, புல்லும் கறுத்த இதழும் கலந்து ஒன்று வந்தது. அவன் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் தலையைத் திருப்பினான்.

"இதென்ன அண்ணை, காருக்குள்ளை பொங்கினியளோ?"

"அறுகரிசி," என்றார் பரமேஸ்வரன்.

எத்தனை வாசல், எத்தனை கைகள்! ஒருவராவது கெட்ட மனதோடு எறியவில்லை. விழுந்ததெல்லாம் மடிப்புக்குள் உருண்டு, குழாயில் இறங்கி, மழைக்கு ஊதிக் களியாகி இருந்திருக்கிறது.

"ஆசீர்வாதம் கூடிப்போச்சு," என்றான் றூபன். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான். "கூரையைத் தூக்கிற மோட்டார் தண்ணிக்குள்ளை நிக்குது. பக்கத்திலை இருக்கிற கொண்ட்ரோல் பெட்டிக்குள்ளையும் ஈரம். இப்பவே கழட்டிக் காய வச்சால் வெள்ளிக்கிழமை கூரை திறக்கும். விட்டால் உள்ளுக்குப் பச்சை பிடிச்சிடும். பேந்து அது ஒருநாளும் எழும்பாது. உந்தப் பெட்டி இப்ப செய்யிறதும் இல்லை."

"மற்றும்படி கார் ஓடுமோ?"

"ஓடும். கூரைதான் போகும். கழட்டட்டோ?"

பரமேஸ்வரன் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தக் காரில் உயிர். கூரை இல்லாவிட்டால் அது தீனி கேட்கிற ஒரு பழைய கார், வேறொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை திறந்தால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் ஈலிங்கில் நிற்க வேண்டும். திறக்காவிட்டால் ஈலிங்குக்குப் போக ஒரு தேவையும் இல்லை. அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை, ஆனால் அந்தச் சிறிது நேரத்தில் களைத்துப்போனார்.

"கழட்டவேண்டாம் தம்பி. சனிக்கிழமை கழியட்டும்."

"சனிக்கிழமை கழிஞ்சால் கூரையும் கழிஞ்சிடும் அண்ணை."

"தெரியும்."

றூபன் அவரை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு கம்பளத்தைப் பழையபடி போட்டு மூடினான்.

கராஜ் முற்றத்தில் காருக்குள் இருந்துகொண்டே தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். கூரை பழுது, திறக்காது என்றார்.

"ஐயோ பெரியண்ணை, இப்ப சொல்லுறியள்! பிள்ளை காரிலை எழும்பி நிண்டு கை காட்டுறமாதிரி எடுக்கிறதெண்டு வீடியோக்காரருக்குச் சொல்லியாச்சே."

"என்ன செய்யிறது, பழுதாப் போச்சு."

"சரி, வாடைக்கு ஒண்டு பாக்கிறன்."

அவர் காத்திருந்தார். அவளாகச் சொல்வாள் என்று நினைத்தார். சொல்லவில்லை. கடைசியில் தானே மெதுவாக எடுத்துக் கொடுத்தார். "அப்ப எனக்குக் காலமை வேலை ஒண்டும் இல்லை."

"ஓ, ஓம் என்ன," என்று பிரமிளா உற்சாகமானாள். "கார் ஓடும்தானே? கூரை மட்டும்தானே பழுது? அப்ப காலமை ஈலிங்குக்குப் போய்ச் சோடனைக்காரரிட்டை இருக்கிற கேக்கையும் மாலையளையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. நல்லதாப் போச்சு."

பேய்க்குப் பயந்து சுடலைக்குள் குடிபுகுந்த கதைதான். பரமேஸ்வரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். அழுகை வரும்போல இருந்தது, கோபமும் வந்தது. இரண்டில் எது முந்தியது என்று தெரியாமலே வாய் திறந்தது.

"ஏலாது."

"என்ன?"

"ஏலாது பிரமிளா. நான் தண்ணி வாக்கவேணும். நான்தான் மூத்த மாமன்."

"சின்னண்ணைக்குப் பட்டுவேட்டி எடுத்தாச்சே!"

"அவன் கட்டட்டும். நான் என்ரை வேட்டியோடை வாறன்."

"அப்ப கேக்கை ஆர் எடுக்கிறது?"

"எனக்குத் தெரியாது."

இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர் யாருக்கும் அவர் சொல்லாத வசனம் அது. பிரமிளா தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு சனிக்கிழமை வரைக்கும் எடுக்கவும் இல்லை. செல்வமலர் அவருடைய வேட்டியை அயன் பண்ணிக் கதிரையில் தொங்கவிட்டாள்.

சனிக்கிழமை இருவரும் அந்தக் காரிலேயே, கூரை மூடியபடி சட்டனுக்குப் போனார்கள். போகும்போது பரமேஸ்வரன் யோசித்துக்கொண்டே ஓட்டினார். தம்பி செம்போடு நின்றால் என்ன செய்வது? தங்கச்சி வாசலில் முகத்தைத் திருப்பினால்? அவள் திருப்பித்தான் இருந்தாள். "வாங்கோ அண்ணி" என்று செல்வமலரை மட்டும் கூப்பிட்டாள். பட்டுவேட்டியில் நின்ற குகதாசன் அண்ணனின் கையில் தேங்காயைத் தந்துவிட்டு, "நீங்கள்தான் வாக்கவேணுமெண்டு நான் அவவுக்கு முதலே சொன்னனான்," என்றான். சொன்னானோ இல்லையோ, தேங்காயைத் தந்தானே, அது போதும்.

வீட்டுப் பின்பக்கத்தில் புல்லின்மேல் ஒரு வெள்ளைக் கூடாரம். ஆனி மாதம் என்று பெயர்தான், மூச்சுவிட்டால் புகை வந்தது. பலகையில் ஜதுர்ஷிகா கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்கொண்டு. சுற்றிவர நின்ற அத்தனை பேரும் குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தார்கள். ஐயர் சொல்லச் சொல்லப் பரமேஸ்வரன் தேங்காய் உடைத்தார். முதல் அடிக்கு உடையவில்லை, இரண்டாவதற்கு உடைந்தது. பாலில் தோய்ந்த அறுகை இரண்டு கையாலும் எடுத்து அவள் தலையில் வைத்தார்.

செம்பை வாளிக்குள் விட முதல் விரலை வைத்துப் பார்த்தார். ஐஸ். கலந்து வைத்த சுடுதண்ணீர் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்து ஆறிப்போயிருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"ஆராவது ஒரு கேத்தில் சுடுதண்ணி கொண்டு வாங்கோ."

"நேரம் போகுது பெரியண்ணை," என்றாள் பிரமிளா.

"போகட்டும். பிள்ளை நடுங்குது."

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார், வீடியோக்காரன் கமராவை இறக்கினான். செல்வமலர் கேத்திலோடு ஓடிவந்தாள். கலந்து, கையை விட்டு, இன்னும் கொஞ்சம் கலந்து, பிறகு மெல்ல முதல் செம்பை வார்த்தார். ஜதுர்ஷிகா கண்ணை இறுக மூடி, திறந்து, அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அப்படிக் கிட்டத்தில் அவள் முகத்தை அவர் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

"வோமா இருக்கு மாமா. இன்னும் ஊத்துங்கோ."

"ஓம் பிள்ளை."

மூன்றாவது செம்போடு பிரமிளா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "காணும் பெரியண்ணை. சின்னண்ணை நிக்கிறார், ஹோலுக்கும் நேரமாகுது."

அவருக்குக் கேட்டது. நாலாவது செம்பை மொண்டார். ஐந்தாவதையும் மொண்டார். வாளியில் தண்ணீர் இருக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.