ஆர் உப்புப் போட்டது?

சிக்கொண்டி அன்றைக்கும் தட்டைத் தொடவில்லை. பிள்ளை பெற்று நிறைய இரத்தம் போன உடம்பு. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் கிடந்தது. பிள்ளையோ ஒரு கைக்குள் அடங்கும். தாய் சாப்பிடாவிட்டால் பால் சுரக்காது, பாலில்லாமல் அந்தப் பிள்ளை தங்காது. எனக்கு விசர் பிடிக்காத குறை.

நான் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மிட்வைஃப். வீடு ஹரோவில். கால் ஓரிடத்தில் நிற்காத பிறவி. இரண்டாயிரத்து ஆறில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு, மலாவியில் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குத் தொண்டராகப் போனேன். எங்கள் வார்டு மேனேஜர், "உமக்கு இஞ்ச ஷிப்ட் காணாதோ?" என்று கேட்டா. என் கணவர் ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக் கறிக்குப் போடும் சரக்குத்தூளை நாலு பையில் கட்டி, சூட்கேசுக்குள் வைத்து மூடினார். கோபம் வந்தால் அவர் கதைக்கமாட்டார், வேலை செய்வார்.

கொட்டில்

அங்கே ஆஸ்பத்திரி சாப்பாடு கொடுக்காது. நோயாளியோடு ஒரு சொந்தக்காரி வந்து, வளவுக்குள் இருக்கும் கொட்டிலில் சமைத்துப் போடவேண்டும். அவளுக்குப் பெயர் கார்டியன். சிக்கொண்டிக்குக் கார்டியன் இல்லை. தாய் செத்துப்போனாள், புருஷன் தென்னாபிரிக்காவில் சுரங்க வேலை. சரி, நானே கார்டியன் என்று இறங்கிவிட்டேன். ஒரு கோழி வாங்கி, மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் சேர்த்து நல்ல பத்தியக் கறி வைத்தேன். சோளக் களியோடு கொண்டுபோய் வைத்தால், அவள் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

உறைப்பு என்று நினைத்து மிளகைக் குறைத்தேன். பிறகு தூளே போடாமல் வெறும் கீரை அவித்தேன். அதுவும் அப்படியே திரும்பி வந்தது. வார்டுக்கும் கொட்டிலுக்கும் நடையோ நடை. நேர்ஸ் எஸ்தருக்கு என்னைப் பார்க்கவே தலை சுற்றியிருக்கும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஆனால் அவள் பேச்சு என் காதில் எங்கட தமிழாகத்தான் கிடக்கிறது.

"சிஸ்டர், கொஞ்சம் இரும். கறிக்கு ஆர் உப்புப் போட்டது?"

"நான்தான். வேற ஆர் போடுறது?"

"நீர் கலியாணம் கட்டினனீரெல்லோ?"

"ஓம், அதுக்கும் உப்புக்கும் என்ன?"

எஸ்தர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். அந்த ஊரில் பச்சை உடம்புக்காரியின் சாப்பாட்டுக்கு, புருஷனோடு படுக்கிற பெண் உப்புப் போடக்கூடாது. போட்டால் பிள்ளைக்கு ஆகாது. வயது போன பெண்கள்தான் போடவேண்டும். கொட்டிலில் எல்லாருக்கும் உப்புப் போட்ட கிழவி, நான் சமைக்கத் தொடங்க முதல் நாள்தான் தன் மகளோடு வீட்டுக்குப் போயிருந்தா. மிச்சம் எல்லாரும் இளம் பெண்கள். அவர்கள் உப்பில்லாமலே சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எங்கட சனம் மட்டும் என்ன, பிள்ளை பிறந்தால் ஒரு மாதம் துடக்கு என்று கோயில் வாசலையே மிதிக்காது.

"எஸ்தர், என்ர மனுசன் ஹரோவில இருக்கிறார். நான் வந்து எத்தினை மாசம்! அப்ப நான் போடலாம்தானே?"

எஸ்தர் அதை அப்படியே கொட்டிலில் போய்ச் சொன்னாள். பெண்கள் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஐயோ, எனக்கு முகம் எரிந்தது! ஆனால் அன்று மத்தியானம் சிக்கொண்டி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அதுக்குப் பிறகு எல்லாச் சட்டிக்கும் உப்பு என் கையால்தான். மூன்று வேளையும் வார்டு வேலையை விட்டுவிட்டு ஓடவேண்டும்.

புற்று

போன் சிக்னல் கிடைப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கறையான் புற்றின் மேல் மட்டும்தான். ஒரு பின்னேரம் ஏறி நின்று கதைத்தபோது கணவர் குதூகலமாகச் சொன்னார்.

"இஞ்சேரும், ரிக்கெற் போட்டிட்டன். வாற கிழமை அங்க வாறன்."

சிக்கொண்டி அப்போதுதான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"இப்ப வரவேண்டாமப்பா. பிறகு வாங்கோ."

"ஏன்? நான் வாறது உமக்குப் பிடிக்கேல்லையோ?"

"நீங்கள் வந்தால் நான் உப்புப் போட ஏலாது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? காசு திருப்பித் தரமாட்டான், நான் வாறன்."

வந்துவிட்டார். வாசலில் வைத்தே விசயத்தைச் சொன்னேன். மனுசன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கொட்டில் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். சிக்கொண்டியும் பிள்ளையை முதுகில் கட்டியபடி வார்டு வாசலில் நின்றாள். மத்தியானச் சட்டிகள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நின்ற எஸ்தரிடம் கேட்டார்.

"நான் தனியப் படுக்க வேற இடம் ஏதும் இருக்கோ?"

மருந்துப் பெட்டி அடுக்குகிற அறையில்தான் படுத்தார். பகலில் உடைந்த கட்டில்களுக்கு ஆணி அடித்தார். கதைக்கவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எடை பார்க்கும் நாளில் தராசுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக வந்து நின்றார். பிள்ளை எடை வைத்திருந்தது.

சிக்கொண்டி வீட்டுக்குப் போகும் நாள் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, நேரே அவரிடம் போனாள். முழங்காலிட்டு, இரண்டு கையையும் மெல்லத் தட்டி வணங்கினாள். மனுசன் பதறிப்போனார்.

"எனக்கேன்? நான் ஒண்டும் செய்யேல்லையே."

"அதுதான்," என்றாள் எஸ்தர். "நீர் ஒண்டும் செய்யாதபடியால்தான் இந்தப் பிள்ளை இருக்குது."

கொட்டில் சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கிப் போயிருந்தது. அன்று பின்னேரம் கொட்டிலுக்குப் புதிதாக வந்த கிழவி ஒருத்தி என் கையிலிருந்த உப்புப் பேணியை வாங்கிக்கொண்டு, மருந்தறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

லண்டன் வார்டில் தட்டு அப்படியே திரும்பி வந்தால், எங்கள் இளம் நேர்ஸ்மார் 'பசியில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். எழுத முன்னம், அவளுக்குப் பக்கத்தில இருந்து ஏனெண்டு கேளுங்கோ என்று நான் கத்துவேன். சாப்பிடாதவளுக்கு ஒரு காரணம் இருக்கும், அதை அவளாகச் சொல்லமாட்டாள்.

ஹரோவில் என் கணவர் இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால், முதல் வாய் வைக்க முன்னம் கேட்பார்.

"இண்டைக்கு ஆர் உப்புப் போட்டது?"

"நான்தான். பேசாமச் சாப்பிடுங்கோ."